இணைப்பு விமானம்

டிக்கெட்டில் பிசினஸ் கிளாஸ் என்றுதான் இருக்கிறது.
அது பெங்களூருக்கு அப்புறம்.
கமலாபுரத்திலிருந்து அதுவரை
எல்லோருக்கும் ஒரே சீட், ஒரே முழங்கால் இடி.

லவுஞ்ச் எங்கே என்று கேட்டேன், சும்மா.
பேட்ஜில் அருள்மலர் என்றிருந்த பெண்
ஃபேனுக்கு நேரே கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.
அதிலிருந்தவர் மடியிலிருந்த பையோடு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்,
நாற்காலி ஒன்றுதான் என்பதை மறந்து.

விமானத்திலும் அவரே பக்கத்தில்.
தீர்த்தமலை, செவ்வாய்ப்பேட்டை, வெள்ளி வியாபாரம்.
பையை மேலே வைக்கச் சொன்னார்கள்.
"கொலுசுங்க" என்றார்,
தூங்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.
கடைசியில் காலடியில் வைத்து
இரண்டு பாதங்களாலும் பிடித்துக்கொண்டார்.

விசிறிகள் சுழன்றன. பல்லெல்லாம் அதிர்ந்தது.
எங்களுக்கு நடுவே ஒரே கைப்பிடி.
அவர் கை முதலில் இருந்தது.
என் கை அதன்மேல் எப்போது போனதோ.

"மேல போயிட்டமா?"
கண்ணைத் திறக்காமல் கேட்டார்.
ஜன்னலில்
வெள்ளைக்கல் குழிகள் சாய்ந்தன,
சேர்வராயன் தோளளவு வந்தது,
ஏற்காட்டு வளைவொன்றில் ஒரு பஸ்
இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.
"போயிட்டோம்ங்க."
கையை இருவருமே எடுக்கவில்லை.

ராத்திரி, பெங்களூர்.
சூடான துண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் முந்திரி,
படுக்கையாகும் இருக்கை.
வேடியப்பனை
'மிஸ்டர் வெடியப்பன்' என்று பணிவாக அழைத்தார்கள்.
விமானத்தில் கூப்பிடக்கூடிய பெயரா அது!

பக்கத்துப் பயணி
தடுப்புக்கு அந்தப்புறம், ஒரு தெருத் தள்ளி.
இரண்டு கைக்கும்
தனித்தனி அகலக் கைப்பிடி.

தரையை விட்டுவிட்டோம் என்பதைத்
திரையில் பார்த்துத்தான்
தெரிந்துகொண்டேன்.