நடக்காத தூரம்

என் பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்திரண்டு.
அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான்
காலையில் ஏறுவார்கள் பிள்ளைகள்.
கன்னங்குறிச்சி, சின்னத் திருப்பதி, அஸ்தம்பட்டி,
பிறகு நெரிசலில் ஊர்ந்து கோட்டைப் பக்கம்.
பதினான்கு இருக்கை. இருபத்திரண்டு பேர்.

முதலில் ஏறுவது தஸ்வின், ஐந்தாம் வகுப்பு.
கடைசி இருக்கை, ஜன்னலோரம்.
அவன் உட்கார்ந்ததும் வேன் ஒரு பக்கம் லேசாகத் தாழும்.
கண்ணாடியில் நான் பார்க்கிறேனா என்று
அவன் பார்ப்பான்.
நான் சாலையைப் பார்ப்பேன்.

ஆடியில் பள்ளிக்கு எடை பார்க்க வந்தார்கள்.
மிஷின் மேல் நின்றவனின் எண்ணை
வரிசையே சேர்ந்து வாசித்ததாம்.
மாலை வேனில் அஃப்ரா மெதுவாகத்தான் சொன்னாள்,
"ஐம்பத்தெட்டு."
அன்று எல்லோரும் தட்டுவடை செட் கேட்டுக் கத்தினார்கள்.
"எனக்கு வேண்டாண்ணா" என்றான்.
பசி என்பது எனக்குத் தெரியும்.

இரவு வேன் கூட்டும்போது
இருக்கை இடுக்கில் எட்டாய் மடித்த காகிதம்.
டாக்டர் கையெழுத்து, முத்திரை.
நாளுக்கு அறுபது நிமிடமாவது
ஓட வேண்டும், ஆட வேண்டும், மூச்சு வாங்க வேண்டும்.
பெற்றோர் ஒப்பம் போடும் இடம் வெள்ளையாய் இருந்தது.

அவன் அம்மாவைவிட அவன் நாளை நான் அறிவேன்.
ஆறு ஐம்பதுக்கு ஏறுகிறான்.
புதன்கிழமை பி.டி. பீரியடை
கணக்கு வாத்தியார் கடன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது.
மாலை இறங்கியதும் லிஃப்ட், மூன்றாவது மாடி, டியூஷன்.
கீழே கார் நிறுத்துமிடத்துச் சுவரில்
'பந்து விளையாடக் கூடாது' என்று பெயிண்ட்,
கூடாதுக்கு அடியில் இரண்டு கோடு.
எங்கேயடா உன் அறுபது நிமிடம் என்று
துடைப்பத்தோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.
காலை எழுபது, மாலை எழுபது:
என் வேனில்தான் இருந்தது.
இவன் நடக்காத தூரத்துக்கு
மாதம் ஆயிரத்து நானூறு வாங்குகிறவன் நான்.

காகிதத்தை மடித்து அதே இடுக்கில் வைத்தேன்.
வேறென்ன செய்ய.

ஐப்பசி மழையில் பாலத்துக்கு முன்னால் பெல்ட் அறுந்தது.
மணியடிக்கப் பத்து நிமிடம்.
மேலே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து
ஆளுக்கொரு இடம் பிடிக்கச் சொன்னேன்.
முன்னால் அஃப்ரா, நடுவில் குட்டிகள்,
கடைசியில் தஸ்வின், அவனுக்குப் பின்னால் நான்
ஏழு பையைச் சுமந்துகொண்டு.
பாதிப் பாலத்தில் கயிற்றை விட்டுவிட்டான்.
மூச்சு இரைத்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தவன்
கீழே பார்த்தான்.
"இது என்னண்ணா?"
"ஆறுடா."
"நம்ம ஊர்ல ஆறு இருக்கா?"
கறுப்புத் தண்ணீர், நுரை, ஒரு டயர்,
டயரின் மேல் ஒற்றைக் கொக்கு.
"திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில இருந்து வருது."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அவ்வளவு தூரமும் நடந்தேவா?"

மறுநாள் ஏழு போன்.
ஷூ நனைந்ததற்கு இரண்டு,
கயிற்றில் கட்டி இழுத்துப் போனீர்களாமே என்று ஐந்து.
முதலாளி இருநூறு பிடித்தார்.
பெல்ட் மாற்றியாகிவிட்டது. வண்டி நன்றாகவே ஓடுகிறது.
ஆனாலும் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்துகிறேன்.
கேட்டில் போலீஸ் விடுவதில்லை என்று பொய் சொல்கிறேன்.
நானூறு மீட்டர். ஒன்பது நிமிடம்.
மீதி ஐம்பத்தொன்றுக்கு என்னிடம் வழி இல்லை.

வேன் இன்னும் அந்தப் பக்கம் தாழத்தான் செய்கிறது.
அவன் தினமும் பாலத்தில் நின்று கொக்கை எண்ணுகிறான்.
நேற்று நான்கு வரை எண்ணிவிட்டான் போல,
மணி அடித்துவிட்டது.
பை முதுகில் குதிக்க, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு
ஓடினான்.
அவன் ஓடி நான் பார்த்ததில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்.
திரும்புவான் என்று தோன்றியதும்
சாலையைப் பார்த்தேன்.