இரண்டாவது விழாத காலை

வானொலியில் இருபத்திரண்டு பாகை என்கிறார்கள்.
சிங்கப்பூருக்கு இதுதான் பனி.
ஐந்து நாளாக மழை விடவில்லை.
செனோக்கோ சாலையில் எல்லார் முதுகிலும்
மடிப்புக் கலையாத ஜாக்கெட்.
வாசல் காவலர் லிம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு
"கோமா, இன்றைக்கு ஐஸ் ரூமுக்குள்ளேதான் கதகதப்பு" என்கிறார்.

கோமளவல்லியைக் கோமா ஆக்கிப் பதினோரு வருடம்.
இதுவரை யாரும் என்னை எழுப்ப முயன்றதில்லை.

மைனஸ் இருபதிலிருந்து வெளியே வருகிறேன்.
நாற்பத்திரண்டு பெட்டி.
உறைந்த பரோட்டா, மீன் உருண்டை,
ஈசூனில் யாரோ ஒருவரின் கல்யாணத்துக்கு இறால்.
கையுறையைக் கழற்றினால்
விரல்கள் என்னுடையவைதானா என்று
ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாவி. டீசல் இருமல்.
முதலாவது விழுந்தது, முனகிக்கொண்டே.
இரண்டாவது
இல்லை.
மீண்டும் தள்ளினேன்.
உள்ளிருந்து யாரோ கதவுக்கு முட்டுக் கொடுப்பதுபோல.
பின்னால் ஒரு டாக்சி ஹாரன்.
அவனுக்கு எல்லாம் தானாக மாறும் வண்டி,
அவசரமும் தானாகவே வரும்.

போன வாரம் டெஃபு லேனில் ஆ ஹொக்
அடியில் படுத்து, டார்ச் அடித்து, சிரித்தார்.
"இந்த ஊரிலே குளிரா? கியர் எண்ணெய் கெட்டி,
பித்தளை வளையம் தேய்ந்து போச்சு.
கட்டாயப்படுத்தாதே. பல் போகும்."
சொல்லும்போது தெரிந்தது,
அவருக்கே முன்பல் இரண்டு இல்லை.

முதலாளியிடம் கேட்டேன்.
மார்ச்சில் லாரிக்குச் சி.ஓ.இ. முடிகிறது.
"சாகப்போகிறவனுக்கு எதற்கு எண்ணெய்க் குளியல்?"
என்றவர், அறையில் குளிர்சாதனத்தைப்
பதினெட்டிலிருந்து ஏற்றவில்லை.

ஆகவே நானே ஒரு வழி வைத்திருக்கிறேன்.
கிளட்ச்சை மிதி. நடுவுக்குக் கொண்டுவா.
விடு.
ஒரு மூச்சு.
மறுபடி மிதி. இப்போது கேள், தள்ளாதே.
சில நாள் கேட்டதும் கொடுக்கும்.
சில நாள் பேசாமல் முதலிலிருந்து மூன்றாவதுக்கு
லாரி குலுங்கக் குலுங்கத் தாவிவிடுவேன்,
ஒரு படியைத் தவறவிட்டவள்
பார்த்தவர் உண்டா என்று திரும்பாமல் நடப்பதுபோல.

பக்கத்து இருக்கையில் ஜுனைதி.
வந்து மூன்று வாரம். உதவியாள்.
தானியங்கி வண்டிக்கு மட்டும் உரிமம்.
"கால் ரெண்டு, பெடல் மூணு. கணக்கு உதைக்குது, காக்."
காக் என்றால் அவன் மொழியில் அக்கா.
முதல் நாள் நான் காகமா என்று முறைத்தேன்.

மண்டாய் சந்திப்பில் சிவப்பு.
நீண்ட சிவப்பு. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் துடைக்கிறது.
என் வலது கை ஸ்டியரிங்கில்,
இடது கை மடியில், உணர்வில்லாமல்,
யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல.

அவன் எதுவும் கேட்கவில்லை.
செனோக்கோ கடையில் வாங்கிய கோப்பிப் பொட்டலத்தின்
சிவப்புக் கயிற்றை
கியர்க் குமிழில் மாட்டினான்.
பிளாஸ்டிக் பைக்குள் கறுப்பாக, சுடச்சுட,
குமிழை ஒட்டிக்கொண்டு ஆடியது.
"கையை அதுமேல வை, காக்.
எனக்கு வேண்டாம், சர்க்கரை கூட."

சர்க்கரை கூட என்பது பொய்.
அவன் மூன்று கரண்டி கேட்டு வாங்கியதை
நான்தானே பார்த்தேன்.

பச்சை.
முதலாவது.
இரண்டாவது, சத்தமே இல்லாமல்,
வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலக்கூட இல்லை,
எப்போதும் அங்கேயே இருந்ததுபோல.
பொட்டலம் ஒருமுறை ஆடி
முழங்காலில் ஒரு துளி சிந்தியது.

"குளிர் விட்டுடுச்சா?" என்றான்.
எதற்கு என்று அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மூன்றாவது. நான்காவது.
மழை இன்னும் கூடியிருந்தது.
பின்னால் பெட்டியின் வெப்பமானியைப் பார்க்கச் சொன்னேன்.
மைனஸ் பதினெட்டு, என்றான்.
நல்லது.
ஈசூன் போகிறவரை
இறால் மட்டும் உருகக்கூடாது.