கொன்னுட்டான் என்ற சொல்லின் நிறம்

லோயர் பரேலில்
நூல் ஆலை இருந்த இடத்தில் ஒன்பதாம் மாடி.
எனக்கு மூன்று பொத்தான்கள் கொடுத்திருக்கிறார்கள்:
பச்சை, சிவப்பு, சாம்பல்.
பங்குகளைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சையெல்லாம்
இயந்திரம் அள்ளிக்கொண்டு வரும்.
தமிழென்றால் என் திரைக்கு.
மகிழ்ச்சியா, பயமா, ஒன்றுமில்லையா,
ஒரு வரிக்கு நாலு நொடி.

சேர்ந்த புதிதில்
"தாறுமாறு" சிவப்பில் கிடந்தது.
"வெறித்தனம்" என்றால் கலவரம்.
"பட்டையக் கிளப்புது" என்றால்
எங்கோ மரங்களுக்கு ஏதோ ஆபத்து.
பக்கத்து நாற்காலி மேதா சாவந்த்
சிரித்ததில் டீ சிந்தியது.
மராத்தியில் அவளுக்கும் இதே பாடுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
கோவைப் பக்கத்து பம்ப் கம்பெனி ஒன்றுக்கு
காலாண்டு லாபம் இரண்டு மடங்கு.
ஒன்பது இருபதுக்கு எவனோ ஒரு பயல்
"கொன்னுட்டாங்கய்யா!" என்று போட்டான்.
எழுநூறு பேர் அதை எடுத்துப் போட்டார்கள்.
நான் கழிவறையில் இருந்தேன்.
விளக்கக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

எழுநூறு கொலை.
இயந்திரம் தானே தலைப்பு வைத்தது:
தென்னக முதலீட்டாளர்களிடம் பீதி.
அதை இன்னொரு இயந்திரம் படித்தது.
வேறொன்று விற்றது.
கை ஈரம் காய்வதற்குள் ஒன்பது ரூபாய் இறக்கம்.

பச்சை, பச்சை, பச்சை என்று அழுத்தினேன்.
ஏறவில்லை.
இப்போது விலை நிஜமாகவே விழுந்திருந்தது.
தலைப்பைத் திருத்துங்கள் என்றேன் ஹோஷங்கிடம்.
"எதைத் திருத்த? பீதி இருக்கிறதே"
என்று திரையைக் காட்டினார்.
இருந்தது.

பத்தேகாலுக்கு வந்தது அந்த வரி.
பெயர் இல்லை, முகம் இல்லை,
படத்தில் ஒரு பழைய மொபெட்.
"மொத்தத்தையும் வித்துட்டேன். ரொம்ப சந்தோஷம்.
நல்லா இருங்க எல்லாரும்."
இயந்திரம் பச்சை காட்டியது,
தொண்ணூற்றாறு சதவீத உறுதியோடு.

நாலு நொடியில் எதைச் சொல்ல?
மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள்கூட
மகராசனா இருன்னு சொல்லித் தூற்றுகிற மொழி இது.
சிவப்பை அழுத்தினால்
இன்னும் ஐந்து பைசா சரியுமோ என்னவோ.
பச்சையை விட்டுவைத்தால்
அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார் என்று
என்றென்றைக்கும் பதிவாகியிருக்கும்.

சிவப்பு.
பெரும்பான்மைக்கு மாறான விடை என்றது
ஓரத்தில் ஒரு பெட்டி.
என் துல்லியத்தில் ஒரு புள்ளி குறைந்தது.

மதியம் கம்பெனி மறுப்பு வெளியிட்டது.
பதினோரு பேர் படித்தார்கள், அதில் ஒருத்தி நான்.

ஆறு மணிக்கு மறுபடி அந்த மொபெட்.
"சரி, போயிட்டு வரேன்."
சாம்பல் என்றது இயந்திரம்.
போறேன் என்று எழுதவில்லை அவர்.
வரேன் என்றுதான் எழுதியிருந்தார்.
மூன்று முறை படித்தேன், பன்னிரண்டு நொடி.
அதற்கும் ஒரு எச்சரிக்கை வந்தது.
பதில் எழுத எங்களுக்கு வழி கிடையாது,
பொத்தான்கள் மட்டும்தான்.

கரி ரோடு நடைமேடையில்
மேதா இந்தியில் கேட்டாள், நன்றாக இருக்கிறாயா என்று.
"ஏதோ இருக்கேன்" என்றேன், தமிழிலேயே.
அர்த்தம் கேட்கவில்லை அவள்.
வண்டி வந்தது, கூட்டம் எங்களைத் தூக்கி உள்ளே வைத்தது.
சயான் வரைக்கும்
யாருடைய மொபைலிலோ
பம்ப் கம்பெனி ஏன் விழுந்தது என்று
ஒருவன் விளக்கிக்கொண்டே வந்தான்.