இணைப்பு: ஒன்று

சத்துவாச்சாரி. மே மாதம்.
பதிவறை மின்விசிறி காற்றை
வெந்நீர்போலக் கலக்குகிறது.

மாவட்டம் மூன்றானபோது கட்டுகள் லாரி ஏறின,
பாதி ராணிப்பேட்டைக்கு, மீதி திருப்பத்தூருக்கு.
எந்த ஊர் என்று தெரியாதவை
என்னோடு தங்கிவிட்டன.

கோப்புக்கு ஆயுள் முதுகிலேயே எழுதியிருக்கும்.
ஓ.மு. என்றால் ஓராண்டு. ப.மு. பத்து.
நி.மு. நாம் போன பிறகும் இருக்கும்.
எதற்கு எது என்று முடிவு செய்தது
பல நேரம்
ஐந்தே முக்கால் குடியாத்தம் பஸ்.

இன்று அழிப்பு.
கிழித்த பிறகுதான் எடை போடலாம், விதி.
தராசுக்காரர் பீடியை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.
சைக்கிள் முன்பணம், விடுப்பு விண்ணப்பம்,
யாரோ ஒரு டவாலியின் குடைக்கான கோரிக்கை
எல்லாம் கிழித்தேன்.

ஓ.மு. கட்டொன்றில் விரல் இடறியது.
டேக் நூலில் கட்டிய மருந்துக் குப்பி,
கழுத்தில் அரக்கு.

எண்பத்தேழு. ஹலீமா பீ எழுதிக்கொண்டது:
தோல் ஷாப்பு வந்த பிறகு
எங்கள் கிணற்றுத் தண்ணீர் இது.
தங்களைக் குடிக்கச் சொல்லவில்லை,
மோந்து பார்த்தால் போதும்.
இணைப்பு: ஒன்று.

ஓரத்தில் பச்சை மை: உரிய நடவடிக்கைக்கு.
அதன் கீழே நீலம்: அனுப்பப்பட்டது, முடிக்கலாம்.
அரக்கை யாரும் உடைக்கவில்லை.
தண்ணீர்தான் எப்படியோ போயிருக்கிறது,
அடியில் துருநிறத்தில் ஒரு வளையம் விட்டு.
ஊர்ப்பெயர் இருந்த மூலையை
ராமபாணம் தின்றிருந்தது.

"கண்ணாடி நமக்கு ஆவாதும்மா, தனியா எடு."

கையேட்டில் தேடினேன்.
காகிதத்தை அழிக்க மூன்று பக்கம்,
குப்பிக்கு ஒரு வரியும் இல்லை.

ஓ-வை நி ஆக்க எனக்கு அதிகாரமில்லை.
ஆனால் இருபத்திரண்டு வருடத் தும்மலில்
ஒன்று கற்றிருக்கிறேன்:
நடப்பில் இருக்கும் கோப்பில்
யாரும் கை வைப்பதில்லை.

புதுத்தாள் எடுத்தேன்.
மேற்படி கிணறு தற்போது எம்மாவட்டத்தில் உள்ளது
என்ற விவரம் தெரிவிக்குமாறு
கேட்டுக்கொள்ளப்படுகிறது.
ராணிப்பேட்டைக்கு ஒரு நகல்,
திருப்பத்தூருக்கு ஒன்று.

பதில் வராது. நன்றாகத் தெரியும்.
வராதவரை முடிக்க முடியாது.
மாதம் ஒரு நினைவூட்டு போட்டால்
என் ஓய்வு வரை தாங்கும்,
அதற்குப் பின் வருபவருக்கும்
ஒரு நாற்காலி, ஒரு பேனா தருவார்கள்.

ந.க. எண் இட்டேன்.
இணைப்பு: ஒன்று. குப்பி,
காலி என்று எழுதப் போய்
கால் எழுதியதும் அடித்தேன்.
தண்ணீர் என்றே எழுதினேன்.