பன்னிரண்டு ஐம்பது

மெய்ரியான் பியூவின் வண்டி
ராயடர் பாலத்துக் கல்லில் மோதியபோது
இரவு பதினொன்று நாற்பது.
எல்லாம் நொறுங்கியும் வானொலி மட்டும்
மழை வரும், மழை வரும் என்று
பெய்துகொண்டிருந்த மழையிடமே சொல்லிக்கொண்டிருந்தது.

ஹெலிகாப்டர் வந்து அள்ளிப் போனது.
நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள்,
பிறகு இன்னும் ஆறு.
யார் யாரோ கொடுத்தது:
ஒரு கணக்கு டீச்சர், ஒரு தபால்காரர்,
ஆயுளில் ஒரு சொட்டும் தொடாத
சிற்றாலயப் போதகர் ஒருவர்.
அவர்களுடைய நிதானம் அவனுக்குள் ஓடி
அவன் குடித்ததைக்
கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவியது.

மறுநாள் மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்குப் போனான்.
விபத்து நடந்து
பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இறந்தால்தான்
ரத்தம் கணக்கில் சேரும்.
ஒரு மணி பத்து நிமிடம்
கூடுதலாக மூச்சுவிட்டதால்
என் அட்டவணையில் அவனுக்கு இடமில்லை.

என் மேசை கார்டிஃபில், மூன்றாவது மாடியில்.
மரண விசாரணை அலுவலகங்களிலிருந்து
தாள் வரக் காத்திருப்பேன்.
ஒருவர் முதுகு வலியில் விடுப்பு.
ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்,
அலமாரிச் சாவியும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது.
பத்துக்கு நாலு வராது.
வந்த ஆறை வைத்து வராத நாலை ஊகிப்பேன்.
வெற்றிடம் வேறு, பூஜ்ஜியம் வேறு.
கூட்டும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே முகம்.
எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில்
'தற்காலிகம்' என்று எழுதுவேன்.
எண்ணை மேல்மாடிக்குக் கொண்டுபோகிறவர்கள்
அடிக்குறிப்பை லிஃப்டில் ஏற்றுவதில்லை.

செவ்வாய்க்கிழமை துணை அமைச்சர் பேசினார்.
குடித்து ஓட்டிய சாவுகள் ஆறில் ஒரு பங்கு குறைந்தன,
ஆகவே இரவுச் சோதனைக்கு இனி ஒரு வண்டி போதும்,
ஆகவே அளவைக் குறைக்கும் சட்டத்துக்கு அவசரமில்லை.
நான் எண்ணைத்தான் கொடுத்தேன்.
அந்த 'ஆகவே' என் கைவேலை இல்லை.
கைதட்டல் அடங்கும்வரை
மூன்றாவது மாடியில் நான்
பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்,
சீவ வேண்டிய பென்சில் ஒன்றுகூட இல்லாமல்.

மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டாள்.
எலினெட். பாலத்துக்கு அந்தப் பக்கம்
மதுக்கடை வைத்திருக்கிறாளாம்.
'மெய்ரியானை எதில் போட்டீர்கள்?'
எதிலும் இல்லை என்றேன்.
'குடிக்காதவன் என்றா?'
அப்படியும் இல்லை. அவன் மாதிரிக்கு வெளியே.
'மாதிரி' என்று திருப்பிச் சொன்னாள்,
வாயில் கல் அகப்பட்டதைப்போல.

'ஐந்து கிளாஸ். நான்தான் ஊற்றினேன்.
எண்ணித்தான் ஊற்றினேன்.
சாவியைக் கேட்டேன், சிரித்தான்.
எங்கேயாவது எழுதிக்கொள்ளுங்கள்.'

ஓரத்தில் ஐந்து என்று எழுதினேன்.
இந்த ஆண்டு முழுக்க என்னிடம் வந்ததில்
யாரும் ஊகிக்காத எண்
அது ஒன்றுதான்.
அதைப் போட ஒரு கட்டம் இல்லை.

அவள் பின்னால் யாரோ
மேசையில் காசு வைக்கும் சத்தம்.
'இதோ வந்தேன்' என்றாள்,
எனக்கல்ல.