தங்கூசியில் ஒரு கட்டு

சமையலறை ஜன்னலில் ஒரு சிரட்டை, நிறையக் கல்லுப்பு.
உப்பு கசிந்தால் சாயங்காலத்துக்குள் மழை.
மந்திரமும் இல்லை மண்ணும் இல்லை, ஈரம்
என்பான் பெல்லார்மின்.
நான் அதன்மேல் விரலால் ஒரு வட்டம் போட்டு
இன்றைக்கு வேண்டாம், யூனிபாம் காயணும் என்பேன்.
அதுதான் மந்திரம்.
பத்தில் ஆறு தடவை கேட்கும்.
போனில் வருகிற வானிலைக்கும் அவ்வளவுதான் மார்க்கு.

குடையை எடுத்துப் போனால் பெய்யாது,
மறந்தால் பெய்யும்.
ஊரே செய்கிற மந்திரம்.
பெயர்தான் வைக்கவில்லை யாரும்.

வேலை எனக்கு ஆரல்வாய்மொழியில்.
முட்டத்தில் ஏறி வடசேரியில் பஸ் மாறி
மலை விலகி வழிவிடும் இடத்தில் இறங்கினால்
என் ஷால் எனக்கு முன்னால் நடந்து போகும்.
இருபத்திரண்டு காற்றாலை, ஒரு திரை,
சுற்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைப் புள்ளி.
காற்று குறைந்த நாளில் சிவதாணு சார்
மேசை ஃபேனைக் கணவாய்ப் பக்கம் திருப்பி வைப்பார்.
வழி காட்டுறேம்மா, என்பார்.
பி.இ. படித்தவர்.

ஜூலைக் கடைசி.
பகலில் நான் அடி அடி என்று வேண்டுகிற காற்று
இரவில் என் வீட்டு ஓட்டைத் தூக்கிப் பார்த்தது.
விடியுமுன் கடலுக்குப் போகணும் என்றான் பெல்லார்மின்.
இஞ்சின் கடனுக்குத் தவணை நாள்
மேலக்காற்றைக் கேட்டா வைக்கிறார்கள்?

அவன் உறங்கியபின் பெட்டியைத் திறந்து
தங்கூசியைச் சுருளோடு எடுத்தேன்.
கட்டுமரம், கட்டுச்சோறு, வாய்க்கட்டு,
கட்டிக்கொண்டவன்.
எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமென்றால்
காற்றுக்கும் போதாதா?

ஓட்டின்மேல் நடக்கிறவனே நில்
என்று ஒன்று.
தென்னையைத் தலைவிரித்து ஆடவைக்கிறவனே நில்
என்று இரண்டு.
அலைக்கு வெள்ளையடிக்கிறவனே
என்று தொடங்கி, மேலே சொல் வராமல்
மூன்றாவதைப் பல்லால் கடித்து இறுக்கினேன்.
உதடு கீறிற்று.
மாதா படத்துக்குப் பின்னால் வைக்கத் தைரியம் இல்லை.
சுருளை உப்புக்குள் புதைத்துப் படுத்தேன்.

அவன் எழுந்து போனது எனக்குத் தெரியாது.

காலை ஒன்பதுக்குத் திரையில் ஒரு பச்சை இல்லை.
இருபத்திரண்டும் சிவப்பு.
வெளியே அத்தனையும் கையை விரித்து நின்றன,
என்மேல் தப்பில்லை என்கிற மாதிரி.
ஒரு நிமிஷம், சத்தியமாக, எனக்குக் கால் நடுங்கியது.
சிவதாணு சார் போனை வைத்துவிட்டுச் சொன்னார்:
கறண்டு எடுக்க முடியாதாம். மேலேருந்து நிறுத்தச் சொல்லியாச்சு.

கதவைத் திறந்தேன்.
மணலை வாரி முகத்தில் அடித்தது காற்று.
நான் கட்டியதில் எல்லாம் கட்டுப்பட்டிருந்தது,
காற்றைத் தவிர.

பெல்லார்மினுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
அடித்தேன். எல்லைக்கு வெளியே என்றது.
எத்தனையாவது தடவையிலோ அவன் குரல்,
பின்னால் நாய் குரைக்கும் சத்தம்.
கடலில் நாய் ஏது?

எனக்க தங்கூசிய நீயா எடுத்த?
தேடித் தேடி நேரம் போச்சு.
சூசைநாயகத்துக்க வள்ளம் என்னை விட்டுட்டுப் போயிட்டு.

திட்டினான்.
இவ்வளவு நேரம் அவன் திட்டி நான் கேட்டதே இல்லை.

சூசைநாயகத்தின் ஆட்கள் மூன்று மணிக்குக் கரை வந்தார்கள்,
நனைந்து, ஆளுக்கு நானூறு ரூபாய்க் கணவாயோடு,
ஒருத்தர் குறையாமல்.
ஆகவே நான் யாரையும் காப்பாற்றவில்லை.
ஒரு நாள் கூலியைக் கெடுத்தேன், அவ்வளவுதான்.
தவணைக்கு என் மோதிரம் போனது.

ராத்திரி உப்பைத் தட்டிவிட்டுக் கட்டை அவிழ்த்தேன்.
இரண்டு வந்தது.
மூன்றாவது நகத்துக்கும் வரவில்லை, ஊசிக்கும் வரவில்லை.
அந்த முழத்தை மட்டும் வெட்டி
மிச்சத்தை அவன் பெட்டியில் போட்டேன்.

வெட்டிய துண்டு இப்போது கொல்லையில்
கொடிக்கயிறு அறுந்த இடத்தை ஒட்டுப் போட்டிருக்கிறது.
அதில் யூனிபாம்.
சிரட்டையில் உப்பு லேசாகக் கசிகிறது.
விரலை நீட்டினேன்.
பிறகு, பெய்துவிட்டுப் போகட்டும் என்று
துணியை எடுக்கப் போனேன்.