ஆறாவது நிமிடம்

போட்ஸ்ஃபியோர்டில் ஜனவரி.
சூரியன் வருவதில்லை. பதினொரு மணிவாக்கில்
ஒரு நீலம் வந்து துறைமுகத்தில் நின்றுவிட்டுப் போகும்.
அதற்குப் பகல் என்று பெயர்.

மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில்
ஒரு வாளி, பனிக்கட்டி மிதக்கும் நீர்,
விரல்நுனியில் ஒட்ட மெல்லிய வெப்பமானிக் கம்பிகள்.
ட்ரோம்ஸோவிலிருந்து கப்பலேறி வந்திருந்தேன்
இருபத்து மூன்று பேரின் கைகளை அளக்க.

சொல்ஃப்ரிட் முதல் ஆள்.
முப்பத்தொரு வருடமாகக் காட் மீனின் வயிற்றைத் திறப்பவள்.
"இதற்குக் கூலி உண்டா?"
"காப்பி உண்டு."
வலக்கையை வாளிக்குள் விட்டாள்,
பையில் சாவி தேடுகிறவள்போல.

முதல் நிமிடம், சுண்ணாம்பு.
நரம்பு வழியே மேலிடத்து உத்தரவு வந்து
தமனிகள் கதவைச் சாத்திக்கொண்டன:
நெஞ்சுக்குச் சூடு வேண்டும், விரல்கள் பொறுக்கட்டும்.
மூன்றாம் நிமிடம் வலி.
முகத்தில் இல்லை. மேசைக்கடியில்
இடது பூட்ஸ் மட்டும் தரையைத் தட்டியது.
ஆறாவது நிமிடம்
திரையில் எண் ஏறத் தொடங்கியது.
எட்டு. பத்து. பதிமூன்று.
பனிநீருக்குள் இருந்தபடியே விரல்கள் சிவந்தன.

நானும் கையை விட்டுப் பார்த்தேன்.
இருபது நிமிடம், வெள்ளை, வெள்ளை.
அவளே வெளியே இழுத்துத் துண்டில் சுற்றினாள்.
"போதும். உடைந்துவிடும்."

படிவத்தில் "ஐந்து விரல்" என்று எழுதப்போனேன்.
"நான்கு என்று போடு.
மோதிர விரல் எனக்குச் சொந்தமில்லை."
தொண்ணூற்றெட்டில் கத்தி வழுக்கியது.
இருபக்க நரம்பும் போயிற்று.
மோதிரத்தை இடக்கைக்கு மாற்றிவிட்டாள்,
கழன்று விழுந்தாலும் தெரியாதே.

மறுநாள் அந்த விரலுக்கும் கம்பி ஒட்டினேன்.
ஆறாவது நிமிடம் மற்றவை சிவக்க
அது மட்டும் மெழுகு.
ஏழு, எட்டு. அவள் காப்பியைக் குடித்து முடித்தாள்.
பத்தில்
அரைமனதாய், திட்டுத்திட்டாய்,
மரத்த விரலில் ஒரு துளிர்.

சொல்ஃப்ரிட் குனிந்து பார்த்தாள்.
"இதற்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.
குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காய்ச் செல்கள்,
நீரோட்டத்தில் படிந்த பாசிபோல
ஓடும் திசைக்கே சாய்ந்து கிடக்கின்றன.
ரத்தம் உரசிப் போகும் வேகம் அவற்றுக்குத் தெரியும்.
உரசல் கூடினால் ஒரு வாயுவை விடும்,
அதற்குச் சில நொடிதான் ஆயுள்,
அதற்குள் பக்கத்துத் தசையிடம்
'கொஞ்சம் விட்டுக்கொடு' என்று சொல்லிவிட்டுச் சாகும்.
பசித்த திசு தன் கழிவையே மனுவாக எழுதி அனுப்பும்.
அல்லது இந்தக் குளிரில்
மடையைப் பிடித்திருந்த கையே மரத்துப்போய்
மடை தானாகத் திறந்திருக்கலாம்.
இதில் எங்களுக்குள் நெடுநாள் சண்டை.

"ஆக உனக்கும் தெரியாது."
"முழுதாய்த் தெரியாது."

சங்கு ஊதியது.
ரப்பர் கையுறையை இழுத்து மாட்டும்போது
அந்த ஒரு விரலை மட்டும்
இடக்கையால் பிடித்து உள்ளே நுழைக்க வேண்டியிருந்தது,
தூங்கும் பிள்ளைக்குச் சட்டை போடுவதுபோல.
கதவருகே திரும்பினாள்.
"அப்படியென்றால் ஐந்து என்றே எழுது."

நான்கை அடித்தேன். ஐந்து.
பக்கத்தில், சிறிய எழுத்தில்:
தாமதம், நான்கு நிமிடம்.